முப்பது மைக்ரான்

30, 150, 250. இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, இரவு ஷிஃப்ட் டீ இடைவேளையில் இன்ஸ்பெக்‌ஷன் மேசைமேல் வைத்தேன். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரகடத்தில் உலோகப் பாகங்களுக்குப் பூச்சு போடுகிற இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எண்ணைக் கண்டால் அதன் பின்னால் மைக்ரான் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். துத்தநாக முலாம் என்றால் 8, 10. தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படியவைக்கும் அடிப் பெயின்ட் 20. அதன்மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் ஏறினால் 100-ஐச் சுற்றி நிற்கும். விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் ஐடிஐ தம்பி மட்டும் காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். “மொத்தம் 430 வருதே சார். ஓவர் பில்டப். உரிஞ்சிடும். இது எந்த கஸ்டமரு?”

கஸ்டமர் ஒரு நத்தை.

இந்தியப் பெருங்கடலின் தரையில், சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் ஓரமாக வாழ்கிறது. அறிவியல் பெயர் கிரைசோமல்லோன் ஸ்குவாமிஃபெரம். பேச்சுவழக்கில் செதில்கால் நத்தை என்கிறார்கள். கடல் அழுங்கு என்றும் ஒரு செல்லப் பெயர் உண்டு. அதன் ஓட்டை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு. வெளியே இரும்புச் சல்பைடு, 30 மைக்ரான். நடுவே மெத்தென்ற கரிமப் படலம், 150. உள்ளே வழக்கமான சுண்ணாம்பு, 250. உலகத்தில் எத்தனையோ உயிர்கள் சுண்ணாம்பிலும் சிலிக்காவிலும் வீடு கட்டுகின்றன. உடல்கூட்டுக்கு இரும்புச் சல்பைடை எடுத்துக்கொண்ட விலங்கு இன்றுவரை இது ஒன்றுதான் அறியப்பட்டிருக்கிறது.

30 மைக்ரான் என்பது ஒரு தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. எங்கள் கையிலிருக்கும் கோட்டிங் மீட்டரின் முனையை வைத்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், ஒரு எண், அவ்வளவே. அந்த 30-க்குள் இருக்கிற வேலைப்பாட்டை மீட்டர் சொல்லாது. 2010-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் வைர முனை ஒன்றால் இந்த ஓட்டை மெல்ல அழுத்தி, ஒவ்வொரு அடுக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தார்கள். வெளி அடுக்கு இரும்புச் சல்பைடுத் துகள்களால் ஆனது. அடி விழும்போது அதில் நூல்நூலாக விரிசல்கள் கிளைவிடுகின்றன. ஒரே பெரிய விரிசலாக ஓடி ஓட்டைப் பிளப்பதற்குப் பதில், அடியின் வேகம் அந்தச் சிறு கிளைகளில் செலவாகிப் போகிறது. அதையும் தாண்டி வருவதை நடு அடுக்கு மெத்தைபோல் வாங்கிக்கொள்கிறது. உள்ளடுக்கு வளையாமல் வடிவத்தைக் காக்கிறது. கடினம், மென்மை, மறுபடி கடினம். பம்பருக்கு வடிவம் வரைகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்ததும் தலையாட்டுவார்கள். நடுவிலிருக்கும் மெத்தையை விளிம்பில் வைக்காமல் சரியாக நடுவில் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வெளியே வைத்திருந்தால் கிழியும், உள்ளே வைத்திருந்தால் பயனில்லை.

இந்தக் கவசம் கடலின் அழுத்தத்தைத் தாங்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் தரைமட்டத்தைப்போல் 250 மடங்கு அழுத்தம். ஆனால் நத்தைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். நசுங்குவதற்கு உள்ளே காற்று இல்லை. ஆபத்து நண்டுகளின் பிடியிலும், நஞ்சு குத்தும் வேட்டை நத்தைகளிடமும் இருக்கிறது என்பது ஓட்டை ஆராய்ந்தவர்களின் ஊகம். நண்டு ஒரு ஓட்டைக் கவ்வினால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன விரிசல் வித்தை அதற்கு ஏற்ற பதில்.

ஓட்டைவிட அழகு காலில் இருக்கிறது. நத்தை என்றால் மழைநாளில் நம் மதில்மேல் ஊர்வதுபோல வழவழவென்ற தசைக்கால்தான் நினைவுக்கு வரும். இதன் காலின் பக்கங்களில் நூற்றுக்கணக்கான செதில்கள், நாட்டு ஓட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம், பெரியது 8 மில்லிமீட்டர் வரை. ஒவ்வொன்றின் மேலும் இரும்புச் சல்பைடு. மற்ற நத்தைகளைப்போல இதனால் காலை முழுவதும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. வெளியே நிற்கிற பாகத்துக்குத் தனியாக ஒரு கவசம். கதவுக்குள் போகாத அளவுக்கு வளர்ந்தவன் வாசலிலேயே கூரை போட்டுக்கொண்டமாதிரி.

உயிரோடிருக்கும் வேறு எந்த நத்தைக்கும் காலில் இப்படிச் செதில் கிடையாது. முதலில் பார்த்தவர்கள், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செதில்போர்த்த உயிர்களின் மிச்சமோ என்று யோசித்தார்கள். பிறகு நுணுக்கமாகப் பார்த்தபோது அது தனியாக, புதிதாகத் தோன்றிய அமைப்பு என்று தெளிந்தது. பழைய சொத்து இல்லை, சொந்தச் சம்பாத்தியம்.

இனி எங்கள் தொழிலைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கம் வந்த இடம். இரும்பு எங்கிருந்து வருகிறது, யார் அதைப் படியவைக்கிறார்கள்? 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒகாடாவும் அவரது குழுவும் செதிலை மெல்லிய சீவலாக்கிப் பார்த்தார்கள். உள்ளே நுண்ணிய தூண்கள், கால்வாய்கள் மாதிரி. அவற்றின் வழியாக நத்தை கந்தகத்தை உள்ளிருந்து வெளியே அனுப்புகிறது. ஊற்று நீரிலிருக்கும் இரும்பு வெளியிலிருந்து உள்ளே ஊறி வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், மிகச் சிறு துகள்களாக, இரும்புச் சல்பைடு பிறக்கிறது. உடலுக்கு நஞ்சான கந்தகத்தைக் கழிக்கிற வழியாகவே இது தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். கழிவுதான் கவசமாகிறது. எங்களிடம் ஒரு முலாம் லைனுக்கு அமிலக் குளியல், கழுவல், மறுபடி கழுவல், ரெக்டிஃபையர், சூடு, கடைசியில் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு தனிக் கட்டடம். கடலடியில் இருட்டில், சில டிகிரி வெப்பத்தில், ஆள் இல்லாமல், அதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்து ஊற்றுப் புகைபோக்கியின் வாயில் நீர் 350 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். நத்தை அங்கே போவதில்லை. வெதுவெதுப்பாகக் கசிகிற இடத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படியும் இரும்புச் சல்பைடில் ஒரு வகை காந்தத்துக்கு இழுபடும். ஐடிஐ தம்பிக்கு இதைச் சொன்னபோதுதான் அவன் முதல்முறையாக டீயைக் கீழே வைத்தான்.

சாப்பாட்டு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அது வாயால் மேய்ந்து வாழவில்லை. தொண்டைக்கு அடுத்துள்ள ஒரு சுரப்பி பெரிய பையாக வீங்கி, அதற்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை ஊற்று நீரின் வேதிப்பொருளிலிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. குடியிருப்பவர்களுக்கு ஆக்சிஜன் அனுப்ப வேண்டுமே! அதற்காக உடல் பருமனில் ஏறக்குறைய 4 சதவீதத்தைப் பிடிக்கும் பிரம்மாண்டமான இதயம். நம் இதயத்தை நம் உடலோடு ஒப்பிட்டால் அதில் பாதிகூட வராது.

இனி கறுப்பு வெள்ளைக் கதை. இதற்காகவே நான் எழுத உட்கார்ந்தேன்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் மத்திய இந்தியக் கடலடி மலைத்தொடரில், மூன்று தட்டுகள் கூடும் ரோட்ரிகஸ் சந்திப்புக்கு அருகில், கைரெய் என்ற ஊற்றுக் களத்தைக் கண்டார்கள். அவர்களுடைய கப்பலின் பெயரே களத்துக்கும் ஆனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நார் கப்பல் அங்கே போய், ஜேசன் என்ற கம்பிவட இயந்திரத்தை இறக்கியபோது, செதில்கால் நத்தை முதல்முதலாக மேலே வந்தது. கரிய ஓடு, கரிய செதில். 2003-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆண்டர்ஸ் வாரென் முதலானோர் அதன் இரும்புச் செதில்களைப் பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலகம் வியந்தது. பெயர்தான் வைக்கப்படவில்லை. புனைபெயரோடு சுற்றிய எழுத்தாளர்போல அது பல ஆண்டுகள் ‘ஸ்கேலி ஃபுட்’ என்ற பட்டப் பெயரிலேயே வாழ்ந்தது.

2009-இல் ஜப்பானியரின் ஷின்காய் 6500 நீர்மூழ்கி, கைரெய்க்கு வடமேற்கே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சாலிட்டேர் என்ற இன்னொரு களத்தைக் கண்டது. அங்கேயும் செதில்கால் நத்தை. ஆனால் வெள்ளை! ஓட்டிலும் செதிலிலும் இரும்பே இல்லை. தந்தத்தில் செதுக்கியமாதிரி வெளிறிய உடல்.

எங்கள் லைனில் இது நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரே தட்டில் கறுப்பும் வெள்ளையும் வந்தால் ஷேட் மிஸ்மேட்ச் என்று சிவப்பு டேக் விழும்; ஒன்று ரிஜெக்ட் ஆகும், இல்லையென்றால் வேறு பாகம் என்று ஒதுக்கப்படும். புத்தகத்தில் படத்தைப் பார்த்த யாரும் இவை இரண்டு இனங்கள் என்றுதான் சொல்லுவார்கள். நம் கண் முதலில் நிறத்தைத்தான் நம்புகிறது.

ஓட்டின் சுருள், செதிலின் அமைப்பு, உள்ளுறுப்பு, மரபணு எல்லாவற்றையும் வைத்து ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே இனமாக நின்றன. சாலிட்டேர் ஊற்று நீரில் இரும்பு மிகக் குறைவு. உள்ளிருந்து கந்தகம் வந்தும் வெளியே சந்திக்க இரும்பு இல்லாததால் முலாம் ஏறவில்லை. நத்தை அதே நத்தை, குளியல் தொட்டிதான் வேறு. 2020-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வும் இந்தக் கவசத்துக்கென்று தனி விசேஷ மரபணு எதையும் காட்டவில்லை. மற்ற மெல்லுடலிகளிடமும் உள்ள பழைய கருவிகளையே இது வேறுவிதமாகக் கையாள்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வலையும் அதே கடலில் விரித்திருக்கிறது. ஜைகன்டோபெல்டா என்று ஒரு உறவுக்கார நத்தை. அதற்கும் தொண்டைப் பையில் பாக்டீரியாக் குடித்தனம், அதே ஊற்று, பக்கத்துப் பக்கத்து வீடு. உள்ளே திறந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றும். ஆனால் பேரினமே வேறு; அந்தப் பையை இரண்டும் தனித்தனியாக வளர்த்துக்கொண்டன. வேறாகத் தெரிவது ஒன்று, ஒன்றாகத் தெரிவது வேறு. இனம் காண்பவரின் பொறுமை இங்கேதான் தெரிகிறது. அவர் கேள்வியைக் கண்ணிடம் ஒரு தரம் மட்டும் கேட்டுவிட்டு முடித்துவிடுவதில்லை.

2015-இல்தான் சொங் சென், காத்ரின் லின்ஸே, ஜோனதன் காப்லி, அலெக்ஸ் ராஜர்ஸ் ஆகியோர் முறைப்படி பெயர் சூட்டினார்கள். கிரேக்கத்தில் பொன்முடி என்று பொருள்படும் பேரினப் பெயர், இரும்புச் சல்பைடின் பொன்னிறத்தை நினைத்து. லத்தீனில் செதில் தாங்கி என்று சிற்றினப் பெயர். கண்டெடுத்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பிறப்புச் சான்றிதழ். அந்த ஆவணத்துக்கு மாதிரிகள் எடுத்த இடம் மூன்றாவது களம், லோங்சி. தென்மேற்கு இந்தியக் கடலடி மலைத்தொடரில், கைரெயிலிருந்து 2,300 கிலோமீட்டருக்கு அப்பால்.

வரைபடத்தில் இந்த மூன்றையும் புள்ளி வைத்துப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு புள்ளி, வடமேற்கே இன்னொன்று, தென்மேற்கே வெகுதூரம் தள்ளி மூன்றாவது. கோலத்துக்குக்கூடப் போதாத புள்ளிகள். ஒரு புள்ளி வைக்க ஒரு கப்பல், பல வாரம். முதலில் கருவிகளை நீரில் ஏற்றி இறக்கி இழுத்துக்கொண்டே போய், எங்கே தண்ணீர் கலங்கியிருக்கிறது, எங்கே கொஞ்சம் வெப்பம் கூடியிருக்கிறது என்று மோப்பம் பிடிக்க வேண்டும். பிறகு இயந்திரத்தை இறக்கித் தரையைப் படமெடுக்க வேண்டும். கடைசியில் இயந்திரக் கையாலோ உறிஞ்சுகுழலாலோ நத்தையை எடுக்க வேண்டும். இன்னொரு நயமும் உண்டு: இல்லாத இடமும் வரைபடத்தில் ஏறுகிறது. கைரெயிலிருந்து வெறும் 160 கிலோமீட்டரில் எட்மண்ட் என்று ஒரு களம். அதே 2001 பயணத்தில் கண்டது, உயிர்களுக்குக் குறைவில்லை. ஆனால் செதில்கால் நத்தை தென்படவில்லை. அந்தக் காலியிடமும் ஒரு தகவல்தான். எங்கள் கட்டுப்பாட்டு அட்டவணையில் குறை ஒன்றும் இல்லாத நாளிலும் சுழி போட்டுக் கையெழுத்திடுகிறோம்.

மரபணுவைப் பார்த்தபோது கைரெய், சாலிட்டேர் இரண்டிலும் உள்ளவை ஒன்றோடொன்று கலந்த சொந்தக்காரர்கள் என்றும், லோங்சியில் இருப்பவை பெரும்பாலும் தனித்துப்போன கிளை என்றும் தெரிந்தது. கறுப்பும் வெள்ளையும் ஒரு வீடு. தொலைவிலிருக்கும் கறுப்புதான் பங்காளி. களத்துக்குக் களம் போவது குஞ்சுகள்தாம். அவை மேய்ந்து வளர்பவை அல்ல. முட்டையிலிருந்த மஞ்சள்கருவைக் கட்டுச்சோறாக வைத்துக்கொண்டு நீரோட்டத்தில் மிதந்து போகின்றன. சோறு தீர்வதற்குள் ஒரு ஊற்று கிடைக்க வேண்டும்.

இந்த மூன்று களங்களிலும் அது வாழும் பரப்பைக் கூட்டினால் 0.02 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய 5 ஏக்கர். இங்கே வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பும் சாலையில் தினமும் போகிறவன் என்பதால் அந்த எண் என்னை நிறுத்தியது. ரெனோ நிசான் ஆலை தொடங்கியபோது அதன் வளாகம் மட்டும் 640 ஏக்கர். ஒரு கடலின் மூன்று மூலைகளில் வாழும் ஒரு இனம் முழுவதையும், புது வண்டிகள் வரிசையாக லாரிக்குக் காத்திருக்கும் ஒரு யார்டின் ஓரத்தில் வைத்துவிடலாம். பின்னால் வேறு கப்பல்கள் புள்ளிகளைக் கூட்டியிருக்கின்றன. ஆனாலும் புள்ளிகள்தான்.

2019 ஜூலையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. கடலடிச் சுரங்கத்தின் அச்சுறுத்தலுக்காகவே அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் உயிர் இது. ஊற்றுகள் கக்கும் தாதுவில் செம்பும் துத்தநாகமும் தங்கமும் உண்டு. கைரெய் ஜெர்மனியின் ஆய்வு ஒப்பந்தப் பரப்புக்குள் வருகிறது, லோங்சி சீனாவினுடையதில். சாலிட்டேர் மொரீஷியஸ் கடலெல்லைக்குள். இந்தியாவும் 2016-இல் இதே மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும், 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் இன்னொரு 10,000-க்கும் ஆய்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தாரும் 2024 டிசம்பரில், 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படமெடுத்துக் காட்டினார்கள். மூன்று பேர் 6,000 மீட்டர் இறங்குவதற்கான மத்ஸ்யா 6000 கலமும் பள்ளிக்கரணைக்காரர்களுடையதே. அதன் டைட்டானியக் கோளத்தின் சுவர் 80 மில்லிமீட்டர். உள்ளே காற்றும் மனிதரும் இருப்பதால் அதற்கு அவ்வளவு தேவை. வண்டலூர்ப் போக்குவரத்து இரங்கினால் ஒரகடத்திலிருந்து ஒரு மணி நேரம். துத்தநாகத்தைத் தினம் கிலோக் கணக்கில் கரைக்கிற நானும் இந்தத் தாது வியாபாரத்தில் கடைசிக் கண்ணி. ஆகவே நத்தைக்காக நான் விடும் பெருமூச்சை நானே முழுதாக நம்புவதில்லை.

கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்ல முடியாது. பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1870-களில் இந்தப் பக்கத்துப் பாறைகளையும் வரைபடமாக்கினார். ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்று நிலவியல் நூல்களில் இன்றும் நிற்கும் அந்த வெளிர் களிப்பாறைகளில் இலைகளின் அச்சும், அம்மோனைட் என்னும் சுருள் கடலுயிரின் அச்சும் சேர்ந்தே கிடக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கரை இங்கே இருந்தது. கன்டெய்னர் லாரிகளின் அடியில் இருப்பது ஒரு பழைய கடலோரம்.

எங்கள் லேபில் உப்பு மூட்டப் பெட்டி ஒன்று உண்டு. 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாக்கி, பூச்சு போட்ட பாகங்களை அதற்குள் நாள்கணக்கில் தொங்கவிடுவோம். முதலில் வெண்துரு, பிறகு செந்துரு. எத்தனையாவது மணியில் எது வந்தது என்று குறிப்பது என் வேலை. அன்று அதிகாலை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தபோது, தம்பி என் காகிதத்தின் பின்பக்கம் நான் அச்சிட்டு வைத்திருந்த இரண்டு படங்களையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று கைரெய்க் கறுப்பு, ஒன்று சாலிட்டேர் வெள்ளை.

“ரெண்டும் ஒரே பார்ட் நம்பரா சார்?”

“ஒரே பார்ட் நம்பர்தாம்ப்பா.”

மேசைக்கு மேலே எங்கள் லிமிட் சாம்பிள் போர்டு இருக்கிறது. இடது பாதி பச்சை, ஓகே. வலது பாதி சிவப்பு, ரிஜெக்ட். அவன் கத்தரியை எடுத்துப் படங்களை வெட்டி, இரண்டையும் பச்சைப் பக்கத்தில் குத்தினான். காலை ஷிஃப்ட்காரர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது அப்படியே இருந்தது. வெள்ளை நத்தையின் கீழே மட்டும் யாரோ மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘ஷேட் வேரியேஷன். கஸ்டமர் அப்ரூவ்டு.’